வெட்டுப்புள்ளி இல்லாத கடிதம்

2023 மார்ச் 15, புதன்கிழமை. திருகோணமலைத் திருக்கடலூரில் ஒரு வீட்டில் நால்வரும் விடிவதற்கு முன்பே எழுந்து, இளைய மகனின் அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதி முடிவு வரும் 4 மணி 58 நிமிடத்துக்காகக் காத்திருந்தார்கள். 4.10 அளவில் கனடாவிலிருந்து சித்தியின் அழைப்பு வந்தது. "என்ன முடிவு? வெளிவந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறதே" என்று கேட்டார். ரொறன்ரோவிலும் பொஸ்ரனிலும் மணிக்கூடு ஒன்றாகவே ஓடுவதால் அவருக்குக் கணக்குப் போடும் வேலை இருக்கவில்லை. இந்த வீட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். பிழை விட்டவனும் நான்தான்.

எம்.ஐ.டி. என்று நாம் அழைக்கும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம், தன் அனுமதி முடிவுகளை மார்ச் 14 அன்று அங்குள்ள நேரப்படி மாலை 6.28க்கு வெளியிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறது. 3.14 என்பது பை, 6.28 அதன் இருமடங்கு. கணிதக்காரர்களின் குறும்பு. அவர்களுக்கும் நமக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம் என்று டிசெம்பரில் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவார்கள் என்பது எனக்கு நினைவில் இல்லை. அந்த ஆண்டு அது மார்ச் 12. ஆகவே முடிவு நமது நேரப்படி 3.58க்கே வந்துவிட்டது. சித்தி அழைக்கும் வரை, வந்த முடிவு போனுக்குள் கிடக்க, இவர்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கணித ஆசிரியன் கழித்தலில் தவறிய கதை என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நான் எழுத வந்தது வேறு விடயம். புள்ளி, இடம் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச எல்லையான வெட்டுப்புள்ளி, மாவட்டக் கோட்டா என்று ஐம்பது ஆண்டாகப் பழகிய ஓர் ஊர், புள்ளியே தராத ஓர் இடத்தின் முடிவுக்குக் காத்திருக்கும்போது என்ன நடக்கிறது என்பதை இந்த ஒரு பிள்ளையின் ஒன்பது மாதத்தில் பார்த்தேன். பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயரும் பாடசாலையும் இதில் இல்லை. திருகோணமலை சிறிய ஊர் என்பதால் வேறு சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

தந்தை படகு எஞ்சின் திருத்துபவர். தாய் வீட்டோடு. மூத்தவள் ஆசிரிய பயிற்சியில். இளையவன் இவன், 2022ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்துக்கான உயர்தரப் பரீட்சை எழுதவேண்டிய கணிதப் பிரிவு மாணவன். தவணைப் பரீட்சைகளில் எப்போதும் முதல் மூன்றுக்குள். ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமை பின்னேரங்களில் ஓர்ஸ்ஹில்லில் என் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். 2022 ஜூலையில் இவன் வந்து, எம்.ஐ.டி.க்குப் போட வேண்டும் என்றான். பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்ற காலம். இந்த நாட்டிலிருந்து எப்படியாவது வெளியேற வேண்டும் என்ற பேச்சு எல்லா வீட்டிலும் இருந்தது. இவன் அப்படிப் பேசவில்லை. எஞ்சினுக்குள் ஏன் வெப்பம் வீணாகிறது என்பதைப் பற்றித்தான் பேசினான். அதனால்தான் சரி என்றேன்.

ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. சிறு படகுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. படகு கடலுக்குப் போகாவிட்டால் எஞ்சின் பழுதாகாது. எஞ்சின் பழுதாகாவிட்டால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது. அந்த நேரத்தில் விண்ணப்பக் கட்டணம் 75 டொலர், அன்றைய மாற்று விலையில் இருபத்தேழாயிரம் ரூபாவுக்கு மேல். கட்டண விலக்குக் கேட்டு எழுதினோம், கொடுத்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை எம்.ஐ.டி. அந்த ஆண்டு மார்ச்சில்தான் மீண்டும் கட்டாயமாக்கியிருந்தது. அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும். இரவு பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போய், முகம் கழுவிக்கொண்டு நேரே தேர்வு மண்டபத்துக்குள் நுழைந்தான். 1600க்கு 1510.

நிதி உதவிப் படிவம் ஒரு தனிக் கதை. சம்பளச் சீட்டு எங்கே, வீட்டின் பெறுமதி என்ன, ஓய்வூதியச் சேமிப்பு எவ்வளவு என்று அது கேட்கும். வருமானத்தைக் கொப்பியில்கூட எழுதி வைக்காத ஒரு மனிதர் இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வார்? கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலக மேலொப்பம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு என்று ஒரு மாதம் அலைந்தோம். ஒரு கட்டத்தில் தந்தை, "சேர், இவ்வளவு ஏழை என்று எழுதினால் எடுப்பார்களா?" என்று கேட்டார். எடுப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அந்தக் கேள்விக்கு நான் அன்று உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்.

டிசெம்பர்

நவம்பர் முதலாம் திகதிக்கு முன் போடும் முற்கூட்டிய சுற்றில் போட்டான். டிசெம்பர் நடுப்பகுதியில் வந்த முடிவு, ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மார்ச் சுற்றில் மீண்டும் பார்ப்போம் என்று ஒத்திவைத்திருந்தார்கள். முற்கூட்டிப் போடுபவர்களில் பெரும்பகுதியினருக்குக் கிடைப்பது இந்தப் பதில்தான். அதில் ஊக்கமும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை.

வீட்டில் அதை அப்படி எடுக்கவில்லை. "பாதிக் கதவு திறந்துவிட்டது" என்றார் தாய். இவன் ஒருபடி மேலே போனான். ஹார்வர்ட், யேல் உட்பட இன்னும் நான்கு இடங்களுக்கு ஜனவரி தொடக்கத்துக்குள் போட வேண்டும் என்று புதிய கட்டுரைகள் எழுத உட்கார்ந்தான். உயர்தரப் பரீட்சை ஜனவரி 23இல் தொடங்க இருந்தது.

பின்னர் அவனுடைய கடந்தகால வினாத்தாள் கட்டை ஒருநாள் பார்த்தேன். ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் செய்த திகதியையும் எடுத்த நேரத்தையும் பென்சிலால் குறித்து வைப்பது அவன் பழக்கம். டிசெம்பர் 14 வரை நாளுக்கொரு தாள். அடுத்த திகதி ஜனவரி 6. இடையில் இருந்த மூன்று கிழமையும் இரசாயனவியல் தாள்கள் வெறுமையாக, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. அந்த மூன்று கிழமையில் அவன் எழுதிய ஐந்து கட்டுரைகளையும் திருத்திக் கொடுத்தவன் நான். நல்ல கட்டுரைகள். தந்தை எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைக்கும் ஒழுங்கைப் பற்றி ஒன்று எழுதியிருந்தான், இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பெப்ரவரி முதல் மார்ச் வரை

நாளொன்றுக்கு 2 மணி 20 நிமிட மின்வெட்டு நடந்த காலத்தில் பரீட்சை நடந்தது. இதற்கிடையே பெப்ரவரியில் எம்.ஐ.டி. எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரு படிவம் கேட்கும்: இந்த ஆண்டின் அரையாண்டுப் புள்ளிகள் என்ன, புதிதாக என்ன செய்தாய் என்று. நம் உயர்தர முறையில் அரையாண்டுப் புள்ளி என்று ஒன்று கிடையாது. கடைசித் தவணைப் பரீட்சைப் புள்ளியைப் பாடசாலைக் கடிதத்தலைப்பில் வாங்கி அனுப்பினோம். பௌதிகவியல் தாளுக்கும் இரசாயனவியல் தாளுக்கும் இடையில் அதற்காக ஒரு காலைப்பொழுது போனது.

பரீட்சை பெப்ரவரி 17இல் முடிந்தது. மறுநாள் சிவராத்திரி. பரீட்சை எழுதிய பிள்ளைகளில் பாதிப்பேர் அன்றிரவு கோணேசர் கோவிலில்தான் கண்விழித்தார்கள். இவனும் தாயோடு போயிருந்தான். கோட்டை வாசலைக் கடந்து மான்கள் படுத்திருக்கும் புல்வெளி வழியாக மலையேறும்போது, எதிர்ப்பட்ட எல்லோரும் இரண்டு கேள்வி கேட்டார்களாம். முதலாவது, பரீட்சை எப்படி? இரண்டாவது, அமெரிக்கா என்ன மாதிரி? முதலாவதற்கு அவனிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு, "மார்ச்சில் வரும்" என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணியதில் முப்பத்தொன்று வந்தது என்றான். எண்ணுகிற பிள்ளை.

யார் யாருக்குச் சொல்லியிருந்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். ஐயருக்கு, ரியூசன் ஆசிரியர்களுக்கு, தந்தையின் கடைக்கு வரும் சம்மாட்டிமாருக்கு, பத்திரகாளி அம்மன் கோவில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு, ரொறன்ரோ உறவு முழுவதற்கும். முற்கூட்டியே சொன்னதில் பெருமையும் இருந்தது, நேர்த்தியும் இருந்தது. பலர் வேண்டிக்கொண்டால் பலிக்கும் என்று தாய் நம்பினார். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு காத்திருப்பை எழுபது பேருக்குப் பகிர்ந்தால், முடிவையும் எழுபது தடவை சொல்ல வேண்டிவரும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

மார்ச் முதல் கிழமை தந்தை என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்து விரித்தார். பின்பக்கத்தில் நீலப் பேனையால் ஓர் அட்டவணை. எஸ்.ஏ.டி.க்கு 40, தவணைப் புள்ளிக்கு 40, கட்டுரைக்கும் ஆசிரியர் கடிதத்துக்கும் 20. ஒவ்வொன்றிலும் மகனுக்கு எவ்வளவு வரும் என்று தானே போட்டு, கூட்டி, 91 என்று கீழே கோடிட்டிருந்தார். அதற்கும் கீழே "வெட்டுப்புள்ளி" என்று எழுதி, முன்னால் ஒரு வெற்றுக் கட்டம்.

"இதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும், சேர். நம் மாவட்டத்துக்குத் தனிக் கோட்டா இருக்குமா?"

நான் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த உலகம் அது. எழுபதுகளின் தரப்படுத்தலிலிருந்து நம் வீடுகளில் பல்கலைக்கழகம் என்றால் கணக்கு. 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. 2001 முதல், பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து ஒப்பிடும் இசட் புள்ளி, நான்கு தசமதானத்துக்கு. நான்காம் தசமத்தில் மருத்துவம் தவறிய பிள்ளையின் பெயர் இந்த ஊரில் இருபது ஆண்டு கழித்தும் பேசப்படும். அந்த முறையைப் பற்றி எவ்வளவும் முறையிடலாம். ஆனால் கடைசியில் ஓர் எண் கையில் கிடைக்கும். மீள்திருத்தம் கேட்கலாம், மூன்று தடவை எழுதலாம், எவ்வளவால் போனது என்று சொல்லிக்கொண்டு ஒரு மூலையில் உட்காரலாம்.

அங்கே அப்படி ஒன்றும் இல்லை. விண்ணப்பக் கோவையைப் பலர் படிக்கிறார்கள், குழுவில் பேசுகிறார்கள், இந்த ஆண்டு வகுப்பில் யார் யார் சேர்ந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று பார்க்கிறார்கள். மாவட்டக் கோட்டாவும் கிடையாது, கூட்டுத்தொகையும் கிடையாது. அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் 26,914 பேர். இடம் பெற்றவர்கள் 1,300க்கும் குறைவு. அதிலும் வெளிநாட்டவருக்குப் போவது பத்தில் ஒரு பங்கு அளவே.

இதைத் தந்தைக்கு அன்று விளக்கினேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்படியென்றால் எதை வைத்துத்தான் எடுப்பார்கள்?" என்றார். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

கடிதத்துக்குப் பிறகு

சித்தி அழைத்ததும் இவன் போனில் பக்கத்தைத் திறந்திருக்கிறான். சில வரிகள். இடம் தர முடியாமைக்கு வருந்துகிறோம், தகுதியானவர்கள் மிகப்பலர், இடங்கள் மிகச்சில. வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். சாமியறையில் இருந்த தாய்க்கு, வாளி தண்ணீரில் விழுந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டதாம். மற்ற நான்கு இடங்களின் முடிவும் மார்ச் 31 அதிகாலைக்குள் வந்தது. நான்கும் அதே வரிகள். முத்திரை மட்டும் வேறு.

எம்.ஐ.டி. முடிவு வந்த அன்று காலையே தந்தை வந்தார். "எத்தனை புள்ளியால் தவறியது, சேர்?"

காரணம் சொல்லமாட்டார்கள், மேன்முறையீடும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எங்கோ ஒரு பட்டியல் இருக்கிறது, கொழும்பில் யாரையாவது பிடித்தால் பார்க்கலாம் என்றுதான் நினைத்தார்.

அடுத்த மூன்று மாதத்தில் நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு என்னை உட்கார வைத்தது. எண் ஒன்றும் கிடைக்காததால், அந்த வெற்றுக் கட்டத்தை வீட்டில் ஒவ்வொருவரும் தம் தம் குற்றத்தால் நிரப்பினார்கள். சிவராத்திரி அன்று மூன்றாம் சாமப் பூசையில் கண்ணயர்ந்துவிட்டேன் என்றார் தாய். யாரும் கேட்டுவிடக் கூடாதென்று ஒரு மாதம் வெள்ளிக்கிழமை கோவிலுக்கே போகவில்லை. எஞ்சின் கட்டுரையை அனுப்பியிருக்கக் கூடாது, அமெரிக்கருக்கு அது விளங்கியிருக்காது என்றான் பிள்ளை. அக்கா, தன் ஆங்கிலம் நன்றாக இருந்திருந்தால் திருத்தியிருப்பேன் என்றாள். நான்? என் சிபாரிசுக் கடிதத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். மூன்று தடவை. யாருக்கும் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் கனமானது தந்தையுடையது. ஜூன் மாதம் ஒருநாள், கடை வாசலில் காபரேற்றர் ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என் வருமானத்தைப் பார்த்துத்தான் விட்டிருப்பார்கள். ஒரு சதமும் கட்டமாட்டான் என்று எழுதிக் கொடுத்தோமே." நவம்பரில் நான் பக்கத்தைப் புரட்டித் தாண்டிய அதே கேள்வி. அன்று கடைப் படியில் உட்கார்ந்து விளக்கினேன். வெளிநாட்டு மாணவரைக்கூட வருமானம் பாராமல் தெரிவு செய்யும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் சிலவே, எம்.ஐ.டி., ஹார்வர்ட், யேல் மூன்றும் அவற்றில் உள்ளன. எடுத்தால் தேவையான முழுத் தொகையையும் தருவார்கள்; தேவை அதிகம் என்பதற்காக விடமாட்டார்கள். வேறு பல இடங்களில் அப்படியில்லை என்பதும் உண்மை, அதனால்தான் இவற்றைத் தெரிந்தோம் என்றேன். அவர் கழுவுவதை நிறுத்தினார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே, சேர்." சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் அந்த மனிதர் தன் வறுமைதான் மகனைக் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டே எஞ்சின் பூட்டியிருக்கிறார்.

என் பக்கம்

மணிக்கூட்டுப் பிழை சிறியது. பெரியது வேறு இடத்தில் இருக்கிறது. ஜூலையில் அவன் முதன்முதல் வந்தபோது, "நூற்றுக்கு நான்கு, ஐந்து பேரைத்தான் எடுப்பார்கள், தம்பி" என்று எச்சரித்தேன். எச்சரித்துவிட்டேன் என்ற நிம்மதியில் இருந்தேன். அவனுக்கு அது எச்சரிக்கையாக விழவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நூறு பேர் எழுதினால் முதல் நான்குக்குள் வருபவன் அவன். ஆண்டு ஆறிலிருந்து அப்படித்தான். ஆக, நூற்றுக்கு நான்கு என்றால் தனக்கு இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டான். நான் சொன்னது நிகழ்தகவு. அவன் கேட்டது தரவரிசை. அந்த வரிசையில் நிற்கும் 26,914 பேரில் பெரும்பாலானோர் தத்தம் ஊரில் முதல் நான்குக்குள் வருபவர்கள் என்ற ஒரு வசனத்தை நான் சேர்க்கவில்லை. நிகழ்தகவு படிப்பித்தே ஓய்வூதியம் வாங்குபவன் நான்.

இப்போது வரும் பிள்ளைகளுக்கு வீதம் சொல்வதில்லை. முதல் சனிக்கிழமையே தாய் தந்தையையும் கூட்டிவரச் சொல்கிறேன். வராது போனால் புள்ளியும் வராது, காரணமும் வராது, யாரைப் பிடித்தாலும் கிடைக்காது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். வருமானக் கேள்வியை அன்றைக்கே எடுத்துப் பேசி முடிக்கிறேன். சிலர் அதோடு திரும்பிப் போகிறார்கள். போகட்டும். ஊருக்குச் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன். அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

இன்னொன்று, கால அட்டவணை. உயர்தரம் பின்னர் நவம்பருக்கு வந்தது. 2024இல் நவம்பர் 25இல் தொடங்கியது, 2025இல் நவம்பர் 10இல். முற்கூட்டிய சுற்றின் நவம்பர் முதலாம் திகதி நேரே பரீட்சையின் கழுத்தில் வந்து விழுந்தது. ஆகவே என் விறாந்தையிலிருந்து முற்கூட்டிய சுற்றுக்கு இப்போது ஒருவரையும் அனுப்புவதில்லை. பரீட்சை முடிந்த பிறகு கட்டுரை எழுதி ஜனவரிச் சுற்றில் போடட்டும். இதில் வாய்ப்புக் குறையும் என்று வாதாடும் பிள்ளைகளுக்கு, அந்தப் பென்சில் திகதிகளைச் சொல்லிக் காட்டுகிறேன். டிசெம்பர் 14, ஜனவரி 6.

இனி மீதிக் கதை. வரிக் கொள்கையை எதிர்த்துப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து விலகி நின்றதால் உயர்தர முடிவு இழுபட்டு, செப்டெம்பர் 4இல்தான் வந்தது. பரீட்சை முடிந்து ஆறரை மாதம். வேடிக்கை என்னவென்றால், இந்த நீண்ட காத்திருப்பில் அந்த வீட்டில் ஒருவரும் நோகவில்லை. எண் எங்கோ பத்திரமாக இருக்கிறது, வரத்தான் வேண்டும் என்று சும்மா இருந்தார்கள். இணைந்த கணிதம் ஏ, பௌதிகவியல் ஏ, இரசாயனவியல் பி. அந்த பி மூன்று கிழமைக் கட்டுரைகளின் விலை என்று எழுதக் கை வரவில்லை. இல்லை என்று எழுதவும் வரவில்லை.

வெட்டுப்புள்ளி வெளியான அன்று பின்னேரம் தந்தை சைக்கிளில் வந்து இறங்கினார். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கு மகன் தெரிவாகியிருந்தான். தேநீர் வேண்டாம் என்றார். பையிலிருந்து அதே நாட்காட்டித் தாள் வெளியே வந்தது. மடிப்பில் கிழிந்து, பின்னால் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. அந்தப் பழைய 91ஐ ஒரு கோட்டால் அடித்திருந்தார். வெற்றுக் கட்டத்துக்குள் திருகோணமலை மாவட்டத்துக்கான எண், மேலே மகனின் எண், இரண்டும் நான்கு தசமத்தோடு. பேனையை என்னிடம் நீட்டினார்.

"கழித்துத் தாருங்கள், சேர். இந்த முறை கவனமாக."